நாலு ரத வீதி, ஒரு தேர்

முதல் நாள்

நெல்லை எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து நின்றது. கதவருகே போனதும் முகத்தில் அடித்தது ஆனிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையாளக் கரையின் ஈரத்தைச் சுமந்து வருகிற காற்று அது. மழையைக் குற்றாலத்துப் பக்கமே கொட்டிவிட்டு எங்கள் ஊருக்கு வெறும் வேகத்தையும் எப்போதாவது நாலு தூறலையும் அனுப்பும். என் மகள் பறக்கிற துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "இது என்னப்பா, கடற்கரை மாதிரி இருக்கு" என்றாள்.

இந்தப் பயணத்துக்குக் காரணமே அவள்தான். ஏழாம் வகுப்பு. உலகத் தலைநகரங்களில் உள்ள புகழ்பெற்ற சதுக்கம் ஒன்றைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வந்தது மாஸ்கோவின் செஞ்சதுக்கம். கிரெம்ளின் மதிலை ஒட்டிச் சந்தை கூடிய இடம் என்றும், 'கிராஸ்னயா' என்ற சொல்லுக்குப் பழைய ரஷ்ய மொழியில் 'அழகான' என்றுதான் பொருள், சிவப்பு என்ற பொருள் பிறகு வந்தது என்றும் அவள் படித்துச் சொன்னபோது எனக்கே புதிதாக இருந்தது. ஏறத்தாழ 330 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். 1990-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, "நம்ம ஊர்ல இப்படி ஒரு சதுக்கம் இருக்காப்பா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது பொய் என்று பட்டது. மறுநாளே நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு டிக்கெட் போட்டேன்.

ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு பஸ். ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல்தளத்தில் ஏறி, 1973-ல் இது திறந்தபோது இந்தியாவில் சாலைக்கு இப்படி இரண்டு அடுக்கில் பாலம் வேறு எங்கும் கிடையாது என்று அவளிடம் சொன்னேன். என் அப்பா என்னிடம் இதே இடத்தில் இதையேதான் சொன்னார். டவுன் ஆர்ச்சைத் தாண்டியதுமே பஸ் ஊர ஆரம்பித்துவிட்டது. இறங்கி நடந்தோம்.

அத்தை வீடு மேல ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. வாசலில் நின்றிருந்தாள். "வாய்யா மருமவனே. ஏளா, எம்புட்டு வளந்துட்ட! உங்க தாத்தன் மூக்கு அப்படியே இருக்குலா" என்று மகளின் கன்னத்தைத் தடவினாள். மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். எனக்குப் பேச்சே வரவில்லை, அவ்வளவு நாளாகிவிட்டது அதைச் சாப்பிட்டு.

இன்று ஏழாம் திருநாள். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு நாலு ரத வீதியையும் சுற்றினேன். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிக் கிழக்கே, தெற்கே, மேற்கே, வடக்கே என்று நான்கு வீதிகள். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, பூக்கடை, ஆட்டோ, பைக், கட்டைப்பை தூக்கிய கூட்டம். "இது சதுக்கம் இல்லப்பா, ரோடு" என்றாள். பதில் சொல்லவில்லை. கீழ ரத வீதியில் இருட்டுக்கடை வரிசையில் நின்று சுடச்சுட ஆளுக்கு நூறு கிராம் அல்வா வாங்கி, நின்றபடியே இலையோடு தின்றோம். நெய் விரலில் வழிந்தது. சம்பாக் கோதுமைப் பாலும் தாமிரபரணித் தண்ணீரும்தான் இந்த ருசிக்குக் காரணம் என்று பக்கத்தில் நின்ற ஒரு அண்ணாச்சி அவளுக்கு விளக்கினார். யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். எங்கள் ஊர் அப்படித்தான்.

இரண்டாம் நாள்

காலையில் கோயில். ஆயிரம் பேர் ஆயிரம் தடவை எழுதியதை நானும் நீட்டப் போவதில்லை. இரண்டை மட்டும் குறித்து வைக்கிறேன். சுவாமி கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் தனித்தனிக் கோயில்களாக இருந்தவை. அவற்றை இணைக்கிற சங்கிலி மண்டபத்தை 1647-ல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டினார். மணிமண்டபத்தில் ஒரே கல்லில், நடுவில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சின்னத் தூண்களுமாகக் குடைந்திருக்கிறார்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் தரும். என் சின்ன வயதில் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்ப்பார்கள். மகள் தட்டாமல் காதை வைத்துக் கேட்டாள். தூணுக்குள் காற்று ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

வெளியே வந்தபோதுதான் அவளுக்கு ரத வீதி வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. ஏணி போட்டு மின்கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்கள் வீதிக்கு நீட்டிய தகரத்தையும் பெயர்ப் பலகைகளையும் இறக்கினார்கள். எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் வீதி எவ்வளவு அகலம் என்றே தெரிந்தது. அத்தான் (அத்தையின் மூத்த மகன், சின்னதாய் ஒரு பாத்திரக்கடை வைத்திருக்கிறார்) தன் கடைப் பலகையைத் தானே கழற்றியபடி சொன்னார்:

"பாப்பா, இந்த வீதி எம்புட்டு அகலம்னு வீட்டுக்காரன் முடிவு பண்ணல. கடைக்காரனும் முடிவு பண்ணல. தேர் முடிவு பண்ணிச்சு. யாரும் முன்னால இழுத்துக் கட்ட முடியாது. கட்டுனா ஆனியில தேர் வந்து முட்டும்லா."

நான் நகரமைப்பு அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிறவன். வீதியை ஆக்கிரமிப்பிலிருந்து காப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக விதிகள் படித்திருக்கிறேன். 500 வருஷத்துக்கு மேலாக இங்கே அந்த வேலையை ஒரு தேர் செய்துவருகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் வந்து நாலு வீதியையும் அளந்து பார்த்துவிட்டுப் போய் நிற்கிறது. இவ்வளவு எளிதான ஒன்று ஏன் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை என்று நினைத்தபடி அந்தப் பலகையின் மறு முனையைப் பிடித்தேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் பேச்சு. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். மகளின் சதுக்கக் கேள்வியை அத்தான் அவரிடம் போட்டுவிட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"சதுக்கம்னா நாலு தெரு கூடுற இடம், தாயி. சோழர் தலைநகரம் புகார்ல பூதசதுக்கம்னு ஒண்ணு இருந்ததா சிலப்பதிகாரம் சொல்லுது. பொய்ச் சாட்சி சொல்லுதவன், புறங்கூறுதவன் எல்லாத்தையும் அங்க இருக்க பூதம் கயிறு போட்டுப் பிடிக்கும். ஊர் கூடுற இடத்துல பொய் சொல்லக் கூடாதுன்னு அர்த்தம். அப்புறம், மன்றம், அம்பலம், பொதியில்னு எத்தனை சொல்லு இருக்கு! எல்லாம் பொது இடந்தான். அந்தா மேற்க நிக்கிற பொதிகைக்கும் பொதியில்னுதான் பேரு."

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் பேச்சு 1908-க்குப் போனது. தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள், வங்கத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடுவதற்காக. மார்ச் 12-ல் அவர்களைக் கைது செய்தார்கள். 13-ம் தேதி ஊரே கடையை அடைத்துவிட்டு வீதிக்கு வந்தது. மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். "நம்ம ஊர்க்காரங்க சுடப்பட்டாங்களா? ஒருத்தருக்காக?" என்று கேட்டாள். "ஒருத்தருக்காகத்தான். அவர் எல்லாத்துக்காகவும் கப்பல் விட்டவரு" என்றார் வாத்தியார்.

பதினொரு மணிக்கு மேல் தேர் கடாட்சம் என்று மேளச் சத்தம் கேட்டது. சுவாமி வந்து தேரைப் பார்த்துவிட்டுப் போகிறார். நாளை ஏறப்போகிற வண்டியை முந்தின ராத்திரி வந்து பார்ப்பது எவ்வளவு வீட்டு மனுஷத்தனம்! அத்தை கும்பிட்டுவிட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள், தேர்

நாலு மணிக்கெல்லாம் எழுப்பிவிட்டார் அத்தான். பிள்ளையார் தேரும் சுப்பிரமணியர் தேரும் முதலில் கிளம்பிவிடும். அவை சின்னவை, விறுவிறுவென்று போகும். நாங்கள் கீழ ரத வீதிக்குப் போனபோது சுவாமி தேர் எழுந்து நின்றது. 450 டன் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கை மறந்துவிட்டு நேரே அதன் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றால்தான் எடை புரியும். தேரில் தொங்கவிட்ட துணித் தொம்பைகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. மேலே சீலை படபடத்த சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேசியது கேட்கவில்லை. வடம் தார்ச் சாலையில் மலைப்பாம்பு மாதிரி நீண்டு கிடந்தது.

வடம் பிடிப்பது என்றால் இழுப்பது என்று நினைப்பீர்கள். பாதி நேரம் காத்திருப்பதுதான். வடம் கையில் தொய்ந்து கிடக்கும். முன்னால் எங்கோ ஒரு குரல், பின்னால் எங்கோ ஒரு விசில். "தென்னாடுடைய சிவனே போற்றி!" என்று ஒரு முனையில் தொடங்கி நம் காதைக் கடந்து போகும். அப்போது வடம் உயிர் வந்த மாதிரி எழும்பி நெஞ்சு மட்டத்துக்கு வரும். நூற்றுக்கணக்கான கைகள் ஒரே சமயத்தில் சாய்வது முழங்கையில் தெரியும். தேர் நகராது. இன்னொரு சத்தம். நகராது. பின்னால் தடி போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் நெம்புவார்கள். மூன்றாம் சத்தத்தில் ஒரு 'கிறீச்', பூமிக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அவ்வளவுதான், தேர் வந்துவிடும். எல்லோரும் அழுகிற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும் முகத்தை வைத்துக்கொண்டு ஓடுவார்கள்.

நான் அப்பாவோடு கடைசியாக வடம் பிடித்தபோது எனக்குப் பத்து வயது. இன்று மகள் எனக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு முன்னால் சேலையை இழுத்துச் செருகிய நான்கு பெண்கள். பக்கத்தில் சுமை தூக்குகிற ஒருவர், வங்கியில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒருவர், கல்லூரிப் பையன்கள் பத்துப் பேர். ஒரு பையன் என் மகளிடம், "தங்கச்சி, வடத்துக்கு உள்பக்கம் மட்டும் போயிராத, வெளிப்பக்கமே நில்லு" என்று இரண்டு தடவை சொன்னான். அவன் யாரோ.

வாகையடி முக்குத் திருப்பத்தில்தான் உண்மையான வேலை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சாய்வாகக் கொடுத்து, ஒரு பக்கத்தைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு பக்கத்தை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முகத்தைத் திருப்ப வேண்டும். கட்டை போடுகிறவர் 450 டன்னுக்கு முன்னால் ஒரு மரத்துண்டோடு ஓடுகிறார். சக்கரம் ஏறுவதற்கு ஒரு கண நேரம் முன்னால் கையை எடுக்கிறார். முட்டுக்கட்டை போடாதே என்று நாம் பேச்சில் திட்டுகிறோம். இங்கே ஊர் முழுக்க அந்த முட்டுக்கட்டையை நம்பித்தான் வடத்தைப் பிடித்திருக்கிறது. அவரை இன்று பார்த்த பிறகு அந்தச் சொல்லை வசவாக என்னால் சொல்ல முடியாது.

தெற்கு ரத வீதியில் நீர்மோரும் பானகமும் வீட்டுக்கு வீடு. குடத்தைத் தூக்கி நேரே வாயில் ஊற்றினார்கள். மாடிகளிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் பீய்ச்சினார்கள். நனைந்த சட்டையில் காற்று பட்டு ஜில்லென்று இருந்தது. மத்தியானம் தேர் மேல ரத வீதியில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். கட்டை சரிசெய்கிறார்கள் என்றார்கள், அம்பாள் தேர் வரட்டும் என்றார்கள், வெயில் தாழட்டும் என்றார்கள். யாரும் கலையவில்லை.

இந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நோட்டைத் திறந்தேன்.

மனிதர்கள் வீதியின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். நேற்று வரை பஸ்ஸும் ஆட்டோவும் முட்டிக்கொண்ட இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒரு ஆச்சி வடத்தையே தலையணையாக வைத்துத் தூங்கிப் போனாள். இரண்டு குடும்பங்கள் அங்கேயே அறிமுகமாகி, ஊர் விசாரித்து, கடைசியில் தூரத்துச் சொந்தம் என்று கண்டுபிடித்துச் சிரித்தார்கள். என் மகள் கல்லூரிப் பையன்களோடு தார்ச் சாலையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு நொண்டி ஆடினாள். ஆடிவிட்டு மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நாலா பக்கமும் பார்த்தாள்.

"அப்பா, இப்ப இது ரோடு இல்ல."

தேர் சுற்றி முடித்து, கிளம்பிய இடமான நிலைக்கு வந்தபோது ராத்திரி ஒன்பதரை. கைதட்டல் ரொம்ப நேரம் ஓயவில்லை. அத்தையால் நடக்க முடியாததால் சந்து முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "நிலைக்கு வந்துட்டா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு வருஷமும் மாமா வந்து சொல்வாராம். இந்த வருஷம் நான் சொன்னேன்.

நான்காம் நாள், தென்காசி

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் ரயில் ஏறினோம். தலைநகரம் என்று மகள் கேட்டாள் அல்லவா? எங்கள் சீமையில் நிஜமாகவே ஒரு தலைநகரம் இருக்கிறது. பிற்காலப் பாண்டியர்கள் மதுரையை இழந்த பிறகு தென்காசியில் இருந்துதான் ஆண்டார்கள்.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். வயலும் வாழையும் மலையும் ஜன்னலோடு கூடவே வந்தன. கடையத்தைத் தாண்டியதும் தூறல் விழுந்தது. தென்காசியில் சாரல். குடை எடுக்கவில்லை; இந்தச் சாரலுக்குக் குடை பிடிப்பது பாவம்.

காசி விசுவநாதர் கோயில் வாசலுக்கு வந்து நின்று மேலே பார்த்தோம். 178 அடிக் கோபுரம். பராக்கிரம பாண்டியன் 1446-ல் தொடங்கிய கோயில். பழைய கோபுரம் சிதைந்து மொட்டையாகவே நின்ற காலம் நீண்டது. இப்போது நாம் பார்க்கிற கோபுரத்துக்கு 1990-ல்தான் குடமுழுக்கு. இடையில் மன்னர் பரம்பரையே இல்லாமல் போயிற்று. ஆனால் பராக்கிரம பாண்டியன் முன்கூட்டியே ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருந்தான். இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால் அதை நீக்கிக் காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் சரி, உலகறிய அவரைப் பணிகிறேன் என்று கல்லில் பாட்டாக வெட்டி வைத்தான். தன் காலத்துக்குப் பிறகு வரப்போகிற, பெயர் தெரியாத யாரோ ஒருவர் முன் தலை தாழ்த்திய ராஜா. நின்று யோசிக்க யோசிக்கத் தொண்டை அடைத்தது எனக்கு.

மகளுக்குப் பிடித்தது காற்று. கோபுர வாசலுக்குள் நுழையும்போது மேற்கேயிருந்து எதிர்க்காற்று நம்மைத் தள்ளுகிறது. வாசலைத் தாண்டி உள்ளே அடி வைத்ததும் அதே காற்று பின்னாலிருந்து வந்து முதுகில் கை வைத்து உள்ளே போ என்கிறது. ஆறு தடவை வெளியே போய் உள்ளே வந்தாள். பூக்காரப் பெண்மணி ஒருவர், "எங்க பிள்ளையளும் இப்படித்தான் ஆடும்" என்றார்.

கோபுரத்துக்கு முன்னால் உள்ள வெளியில் கொஞ்ச நேரம் நின்றோம். தரை நனைந்து பளபளத்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், குற்றாலத்துக்குப் போகிற வழியில் இறங்கியவர்கள், மழைக்கு ஒதுங்கிய ஆடுகள். 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகி, மறுபடியும் ஒரு தலைநகரமாகிவிட்டது.

குற்றாலத்துக்குப் போனோம், குளித்தோம், கூட்டம். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள்

சாயங்காலம் ரயில். காலையில் கடைசியாக ஒரு தடவை ரத வீதி.

மின்கம்பிகளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்கள். தகரங்கள் மறுபடி ஏறிவிட்டன. அத்தான் தன் பலகையை மாட்ட நான் ஏணியைப் பிடித்தேன். மகள் கடை வாசலில் உட்கார்ந்து நோட்டில் படம் வரைந்தாள். மேல் பக்கத்தில் செஞ்சதுக்கம், மதிலும் கோபுரங்களும். கீழ்ப் பக்கத்தில் நான்கு கோடுகளால் ஒரு சதுரம், அதன் நடுவில் கோயில். நாலு கோடுகளின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள், நெருக்கமாக.

"இது என்னது பாப்பா, எறும்பா?" என்று கேட்டார் அத்தான்.

"ஆளுங்க மாமா. நேத்து முந்தின நாள் உக்காந்திருந்தவங்க."

அவள் உள்ளங்கையில் வடத்தின் நார் கீறிய கோடு இன்னும் சிவப்பாக இருந்தது. மருந்து போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். பஸ் வந்தது. தேர்ச் சக்கரம் வாகையடி முக்கில் தாரை அழுத்தி விட்டுப்போன தடத்தின் மேல் ஏறி இறங்கியது.